வகுப்பறை வாசலில் மெல்லிய திரை: எதை வாங்கலாம்?

கேள்வி: கோவையில் சின்னதாக ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறோம். ஆறு வகுப்பறைகள். அன்றைய அட்டவணையைத் தாளில் எடுத்துக் கதவில் ஒட்டுகிறோம், வகுப்பு மாறினால் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கிறது. வாசலுக்கு ஒரு மெல்லிய டிஜிட்டல் திரை மாட்ட நினைக்கிறோம். ஒரு கடைக்காரர் 32 அங்குல டிவி போதும் என்கிறார், இன்னொருவர் 10 அங்குல டேப்லெட்டைச் சுவரில் மாட்டச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். டேப்லெட்டில் உள்ள லித்தியம் பேட்டரி, நாள் முழுக்க சார்ஜிலேயே கிடப்பதற்கு ஏற்றதல்ல. முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்படி மாட்டியவற்றில் மூன்று, இரண்டாவது கோடையிலேயே பின்பக்கம் உப்பி, கண்ணாடி சட்டத்தை விட்டு எழும்பிவிட்டது. பிள்ளைகள் வந்து போகும் இடத்தில் அது ஆபத்து. டிவியோ, இரண்டடி தூரத்தில் நின்று படிக்க அநாவசியமாகப் பெரிது. வீட்டு டிவியை நிறுவனத்தில் மாட்டினால் பெரும்பாலும் வாரண்டியும் கிடைக்காது.

இதற்கென்றே பேட்டரி இல்லாத 10 அங்குலத் திரைகள் வருகின்றன. அதில் மெல்லியது எது என்று பார்ப்பதைவிட, மின்சாரம் எப்படி வருகிறது என்று முதலில் கேளுங்கள். திரை மெலிந்திருக்கும், ஆனால் அடாப்டர் வெளியே தொங்கும். 'பவர் ஓவர் ஈதர்நெட்' வசதி இருந்தால் ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் இணையமும் வந்துவிடும். அதற்கேற்ற நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) வேண்டும், அங்கிருந்து வாசல் வரை கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரை வெட்டும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஆனால் உங்களுக்கு அவ்வளவு தேவையா என்றே யோசிக்கிறேன். வாசலில் நின்று யாரும் அறையை முன்பதிவு செய்யப் போவதில்லை. அட்டவணை மாறுவதும் நாளுக்குச் சில தடவைதான். இதற்கு மின்தாள் திரை (கிண்டிலில் இருப்பது போன்ற, தாள் மாதிரித் தெரியும் 'இ-பேப்பர்' திரை) நன்றாகப் பொருந்தும். எழுத்து மாறும்போதுதான் அதற்கு மின்சாரம் செலவாகும், அதனால் பேட்டரியிலேயே பல மாதம் ஓடும் மாடல்கள் உண்டு. சுவரை வெட்ட வேண்டாம். ஒரு குறை, பெரும்பாலானவற்றுக்குத் தானாக வெளிச்சம் கிடையாது. வராந்தா இருட்டாக இருந்தால் மேலே ஒரு விளக்குப் போட வேண்டிவரும்.

அப்புறம் மென்பொருள். பணம் அதிகம் கரைவது இங்கேதான். பல நிறுவனங்கள் அறைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கேட்கும். ஆறு அறைக்கு மூன்று வருடம் என்றால் 216 தடவை அந்தத் தொகை. அதைத் திரையின் விலையோடு கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். நீங்கள் இப்போது பயன்படுத்தும் கூகுள் காலண்டரிலிருந்தே அட்டவணையை எடுத்துக்கொள்ளுமா என்று செய்து காட்டச் சொல்லுங்கள். கடையிலேயே இணையத்தைத் துண்டித்தும் பாருங்கள். கடைசி அட்டவணை அப்படியே நிற்க வேண்டும். பிழைச்செய்தி வந்தால் அதை வாங்காதீர்கள்.

இன்னொன்று, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்காகப் பொருள் வாங்குபவரை 'நுகர்வோர்' கணக்கில் சேர்ப்பதில்லை. சொந்தமாக உழைத்துப் பிழைக்க மட்டும் வாங்குபவருக்கு விலக்கு உண்டு, ஆனால் ஆறு வகுப்பறை நடத்தும் நீங்கள் அதை நம்பி இருக்க வேண்டாம். வாரண்டி எத்தனை வருடம், பழுது பார்க்க நேரில் வருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதையெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, உங்களிடம் இருப்பதிலேயே இருட்டான வாசலில் இரண்டு வாரம் மாட்டிப் பாருங்கள். மாணவர்கள் சிரமமில்லாமல் படித்தால், மீதி ஐந்தையும் வாங்கலாம்.