நிறுத்தி வைத்த சர்வருக்கு ஏன் பில் வருகிறது?

கேள்வி: அமேசானின் வாடகை சர்வர் சேவையான ஈசி2-வில் சில சர்வர்கள் வைத்திருக்கிறேன். இரவில் கமாண்ட் லைன் ஸ்கிரிப்ட் மூலம் நிறுத்தி, காலையில் தொடங்குகிறேன். ஆனாலும் பில் வருகிறது, ஐபி முகவரியும் மாறிவிடுகிறது. என்றைக்காவது கை தவறி சர்வரையே அழித்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: ஸ்டாப் கொடுத்தால் சர்வர் ஓடும் நேரத்துக்கான கட்டணம் மட்டும்தான் நிற்கும். சர்வரின் தரவு இருக்கும் ஈபிஎஸ் டிஸ்க் உங்கள் கணக்கிலேயே இருப்பதால் அதற்கான வாடகை தொடரும்.

ஐபி மாறுவதும் இயல்புதான். ரீபூட் செய்தால் மாறாது, நிறுத்தித் தொடங்கினால் மாறும். எலாஸ்டிக் ஐபி வாங்கினால் முகவரி நிலைக்கும். ஆனால் சர்வர் தூங்கும்போதும் அதற்கு மணிக்கு 0.005 டாலர் உண்டு. டொமைன் பெயர் இருந்தால், தொடங்கும் ஸ்கிரிப்டிலேயே புதிய ஐபியை, பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ்-இல் பதிந்துவிடுங்கள். அந்தச் செலவு மிச்சம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். அது நியாயமானது. டெர்மினேட் (சர்வரை அழிக்கும் கட்டளை) கொடுத்தால் திரும்பி வர வழியில்லை; ஓஎஸ் இருக்கும் ரூட் டிஸ்க்கும் பொதுவாகச் சேர்ந்தே அழியும். தவறுதலான டெர்மினேட்டைத் தடுக்கும் டெர்மினேஷன் புரொடெக்‌ஷனை ஆன் செய்வது நல்லது. ஆனால் ஷட்டவுன் ஆனால் அழிந்துவிடும்படி சர்வரை அமைத்திருந்தால், உள்ளே நுழைந்து ஷட்டவுன் கொடுப்பதை அது தடுக்காது. கட்டளையை நிஜமாக இயக்காமல் சோதிக்கும் டிரை-ரன்னை நம்பியும் இருக்காதீர்கள். உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். சரியான சர்வரைத்தான் தொடுகிறீர்களா என்று சொல்லாது.

என்னைக் கேட்டால், தினசரி ஸ்கிரிப்டுக்குத் தனி ஐஏஎம் ரோல் (என்னென்ன செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு) ஒன்று வையுங்கள். பட்டியல் பார்க்க, தொடங்க, நிறுத்த மட்டும் அனுமதி கொடுங்கள். டெர்மினேட் அனுமதியே இல்லாத ரோலில் கை தவறினாலும் சர்வர் அழியாது. எந்தச் சர்வர்களைத் தொடலாம் என்பதையும் டேக் (சர்வருக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) வைத்து அந்த ரோலின் பாலிசியில் (அனுமதி விதிகளில்) கட்டுப்படுத்தலாம். பட்டியல் எடுக்கும் கட்டளையின் விடையை நேராக ஸ்டாப்புக்குத் தள்ளும் ஸ்கிரிப்டுகளில் இது ரொம்ப முக்கியம். ஃபில்டர் ஒன்று விடுபட்டால் அந்த ரீஜனில் (அமேசானின் டேட்டா சென்டர் வட்டாரத்தில்) உள்ள எல்லாச் சர்வரும் நின்றுவிடும்.

அப்புறம், சர்வரில் இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் டிஸ்க் (தற்காலிக டிஸ்க்) இருந்தால் ஸ்டாப் கொடுத்ததுமே அதிலுள்ள தரவு போய்விடும். ஸ்கிரிப்டைப் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.