அடிபட்ட பல்லுக்கு ஸ்டெம் செல்கள் மறுபடி உயிர் கொடுக்குமா?

கேள்வி: 8 வயதுப் பிள்ளையின் முன்பல் அடிபட்டு உள்ளே நரம்பு செத்துவிட்டது. ஸ்டெம் செல், வளர்ச்சிக் காரணி என்றெல்லாம் சொல்கிறார்களே, பலன் இருக்கிறதா?

இருக்கிறது. அதுவும் இந்த வயதில்தான் அதிகம். வேர் சிகிச்சை செய்யும் மருத்துவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல் முளைத்த பிறகும் அதன் வேர் வளர்ந்து முடிய ஏறக்குறைய 3 ஆண்டு ஆகும். அதற்குள் பல்கூழ், அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள உள் மென்திசு (நரம்பு என்று நீங்கள் சொல்வது இதைத்தான்), செத்தால் வேர் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். சுவர் மெலிதாக இருக்கும், நுனி திறந்தே கிடக்கும். வழக்கமான முறையில் அடைத்தாலும் பின்னாளில் ஒரு சின்ன அடியில் உடைந்துவிடலாம். ஆனால் அந்தத் திறந்த நுனியை ஒட்டி ஸ்டெம் செல்கள், அதாவது பெருகி வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்கள், நிறைந்த திசு ஒன்று இருக்கிறது. தொற்று வந்த பல்லிலும் அது பல சமயம் பிழைத்திருக்கும்.

எங்கிருந்தோ செல்களைக் கொண்டுவந்து ஊசியில் ஏற்றுவதாகப் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். இன்று கிளினிக்கில் நடப்பது வேறு. முதலில் வேர்க்குழாயைச் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவுவோம். செறிவு 1.5% போதும், கூடினால் நமக்கு வேண்டிய செல்களே செத்துவிடும். மருந்து வைத்து மூடி, சில வாரம் கழித்துத் திறந்து 17% இடிடிஏ கரைசல் விடுவோம். எனக்கு எப்போதும் வியப்பு தரும் கட்டம் இது. பல் உருவான காலத்திலேயே டிஜிஎஃப்-பீட்டா, விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் (செல்களுக்குச் சைகை தரும் புரதங்கள்) பல்லின் உட்சுவரான டென்டினுக்குள் அடைபட்டுப் போயிருக்கின்றன. இடிடிஏ மேலடுக்கின் கால்சியத்தைக் கரைத்ததும் அவை வெளியே வருகின்றன. செல்களை அழைத்து, பெருகவும் மாறவும் தூண்டுகின்றன. அப்புறம் வேர்நுனியைத் தாண்டி மெல்லக் குத்தி ரத்தம் வரவழைப்போம். ரத்தத்தோடு ஸ்டெம் செல்களும் உள்ளே வரும். உறைந்த ரத்தமே அவை தங்கி வளர உதவும் சாரக்கட்டு. அதன்மேல் எம்டிஏ போன்ற சிமெண்ட் வைத்து மூடிவிடுவோம்.

நன்றாக அமைந்தால் வலியும் சீழும் போய், மாதங்கள் போகப் போக வேர் நீளும், சுவர் தடிக்கும். இது எல்லாருக்கும் ஒரே அளவில் நடக்காது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: உள்ளே வளர்வது பெரும்பாலும் எலும்பு, சிமெண்டம் (வேரின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் இயற்கைப் படலம்) போன்ற திசு, அசல் பல்கூழ் அல்ல.

அசல் பல்கூழையே வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. பல்கூழில் ஸ்டெம் செல் இருப்பது 2000-இலும், விழும் பால்பல்லில் இருப்பது 2003-இலும் தெரியவந்தது. சீனாவில் பால்பல் செல்களை அடிபட்ட முன்பற்களில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள திசு வளர்ந்ததாக 2018-இல் வெளியிட்டார்கள். இன்னும் அன்றாட சிகிச்சையாக அது வரவில்லை.

உங்கள் பிள்ளைக்கு, நரம்பு செத்தது எப்படி உறுதியானது என்று முதலில் கேளுங்கள். அடிபட்ட இளம் பல், குளிர்ந்த பொருளை வைத்து உணர்வு பார்க்கும் குளிர் சோதனைக்குச் சில மாதம்கூட பதில் தராமல் இருந்து, தானே மீளலாம். சீழ், வீக்கம், எக்ஸ்ரேயில் வேர்நுனியில் மாற்றம், வேர் வளராமல் நிற்பது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம்.