பழைய பொஹீமியக் கண்ணாடியை அடையாளம் காண்பது: கேள்வி பதில்

கேள்வி: சார், என்னிடம் ஒரு சிவப்புக் கண்ணாடிக் கோப்பை இருக்கிறது. காட்டில் மான் நிற்கும் செதுக்கல். செதுக்கிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறதே, ஏன்?

பதில்: உள்ளே இருப்பது நிறமற்ற கண்ணாடி. சிவப்பு மேலே மட்டும்தான். அது இரண்டு வழியில் வந்திருக்கலாம். உருகிய நிலையிலேயே சிவப்புக் கண்ணாடியை இன்னொரு அடுக்காகப் போர்த்துவது ஒன்று. செம்பு கலந்த சாயத்தைப் பூசிச் சூளையில் சுடுவது மற்றொன்று. இந்தச் சிவப்புச் சாயத்தை 1830களில் கொண்டுவந்தவர் வட பொஹீமியாவின் (பொஹீமியா இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி) கண்ணாடிக் கலைஞர் பிரீட்ரிக் எகர்மான். வெட்டு விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். போர்த்தியது என்றால் சிவப்புக்குக் கனம் தெரியும். சாயம் என்றால் கனமே இருக்காது, நிறம் சட்டென்று அறுந்து நிற்கும். மான் கோப்பைகளில் பெரும்பாலானவை சாயம்தான். அதற்காக மட்டமாக எண்ணாதீர்கள். கொம்பின் நுனிவரை கோடு கூர்மையாக ஓடியிருந்தால் அது நல்ல கை. வயதுக்கு மட்டும் மானை நம்ப வேண்டாம், 20ஆம் நூற்றாண்டிலும் இதே மானைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: அடியில் முத்திரையே இல்லை. போலியா?

பதில்: இல்லவே இல்லை. பொஹீமியாவில் முத்திரை இல்லாததுதான் வழக்கம். காகித லேபிள் ஒட்டியிருப்பார்கள், அது கழுவக் கழுவப் போய்விடும். 'செக்கோஸ்லோவாக்கியா' என்று பொறித்திருந்தால் 1918க்குப் பிந்தையது. அந்த நாடே அப்போதுதான் பிறந்தது.

கேள்வி: வானவில் போல மினுங்கும் பூச்சாடி வாங்கினேன். 'லோட்ஸ்' என்று சொல்லி விற்றார்கள்.

பதில்: மினுங்குவதையெல்லாம் லோட்ஸ் என்று விற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1900 பாரிஸ் கண்காட்சியில் பெரும் பரிசு வாங்கிய தொழிற்சாலை என்பதால் அந்தப் பெயருக்கு விலை அதிகம். ஆனால் கிராலிக், ரிண்ட்ஸ்கோப், பால்மே-கோனிக் எல்லாருமே மினுங்கும் கண்ணாடி செய்தவர்கள்தான். லோட்ஸ் தன் சாடிகளின் வடிவங்களைக் காகிதத்தில் வரைந்துவைத்த படங்கள் ஏராளமாகத் தப்பியிருக்கின்றன. உங்கள் சாடியின் உருவத்தையும் அலங்காரத்தையும் அவற்றோடு ஒப்பிடுங்கள். பெயரைக் கடைசியில் வையுங்கள்.

கேள்வி: புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிர்கிறது. பொஹீமியாதானே?

பதில்: கண்ணாடியில் பெரும்பாலும் யுரேனியம் கலந்திருக்கும், அவ்வளவுதான். பொஹீமியக் கண்ணாடி உற்பத்தியாளர் ஜோசப் ரீடல் 1830களில் அங்கே யுரேனியக் கண்ணாடி செய்தார். பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா என்று எல்லா இடத்திலும் செய்தார்கள்.

கேள்வி: தங்கமும் எனாமலும் பூசிய குவளை. ஒருவர் ஹராக் என்கிறார், இன்னொருவர் மோசர் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே சரியாக இருக்கலாம். கண்ணாடி ஊதிய உலை (ஹராக் போல) ஒன்று, அலங்கரித்த பட்டறை (மோசர் போல) வேறு என்பது அங்கே சாதாரணம். 1857-இல் கார்ல்ஸ்பாட் நகரில் (இன்றைய கார்லோவி வாரி) தொடங்கிய மோசருக்கு 1893 வரை சொந்த உலையே கிடையாது. வெளியில் வாங்கிய கண்ணாடியில்தான் வேலை செய்தார்கள். அதனால் உங்கள் குறிப்பேட்டில் கண்ணாடிக்கு ஒரு வரி, அலங்காரத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். உறுதியாகாத வரியைக் காலியாகவே விடுங்கள். குவளையை வெளிச்சத்தில் சாய்த்து, எனாமல் மேடிட்டிருக்கும் இடத்தையும் அடிப்பகுதியையும் படமெடுத்து அனுப்பினால் மேற்கொண்டு பார்க்கலாம்.