ஆதாரில் 18, மதிப்பெண் சான்றிதழில் 17: சிறையில் இருக்கும் மகனை மீட்க என்ன வழி?

கேள்வி: பூம்பாறையில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போகிறேன். மகன் பிளஸ் டூ படிக்கிறான். சீசனில் கொடைக்கானல் ஏரிப் பக்கம் கடை போட்டிருக்கும் 20 வயதுப் பையனுக்குக் கூடமாட உதவப் போவான். சுற்றுலா வந்தவர் பெஞ்சில் வைத்த செல்போனை இரண்டு பேரும் எடுத்ததாகக் கேஸ். ஆதாரில் பிறந்த வருடம் தவறாகப் பதிந்திருப்பதால், 18 முடிந்தவன் என்று சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். ராணுவத்தில் சேர ஆசைப்பட்ட பிள்ளை. இனி என்ன ஆகும்?

பதில்: அம்மா, உங்கள் மகன் இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. 18 முடியாத பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிப்பதில்லை. போனை எடுத்தானா என்பது அப்புறம். இன்றைக்கு வயதை நிரூபிக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு முதலில் பார்க்கச் சொல்வது பள்ளிப் பிறந்த தேதிச் சான்றையும் 10-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும்தான். அவை இல்லாவிட்டால் பஞ்சாயத்தோ நகராட்சியோ தந்த பிறப்புச் சான்று. அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. அது பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சம்பவத்தன்று என்ன வயது என்பதே கணக்கு. வழக்கு நடக்கும்போது 18 முடிந்தாலும் கவலை இல்லை.

மதிப்பெண் சான்றிதழின் அசலோடு, ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டிடமே 9-ஆவது பிரிவில் மனுப் போடுங்கள். விசாரணை முடியும்வரை சிறையிலிருந்து பாதுகாப்பிடத்துக்கு மாற்றும்படி அதே மனுவில் கேளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 15100-க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்களுக்கும் சிறார்களுக்கும் வருமான வரம்பு கிடையாது.

வயது உறுதியானதும் மகனின் வழக்கு மட்டும் பிரிந்து, 18 முடியாதவர்களின் வழக்குகளை விசாரிக்கும் திண்டுக்கல் மாவட்ட இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவார்கள். வத்தலக்குண்டு வழியாக மலை இறங்கி ஏற வேண்டும், ஒரு நாள் கூலி போகும். இருந்தாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்களே போங்கள். அங்கே ஜாமீன் தருவதுதான் விதி. ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். ஆனால் வெளியே போனால் மறுபடி கெட்ட சகவாசத்தில் விழுவான் என்று தோன்றினால் மறுக்க இடமுண்டு. உங்கள் வழக்கில் அரசுத் தரப்பு அந்தக் கடைக்காரப் பையனைத்தான் காட்டும். அதனால், பள்ளிக்குத் திரும்ப வரலாம் என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும், பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்துக் குழுமத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு என்பதால் இது சிறு குற்றம். குழுமம் 4 மாதத்தில், கூடுதலாக 2 மாதம் எடுத்தாலும் அதற்குள், விசாரணையை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் வழக்கே அற்றுப்போகும். குற்றம் நிரூபணமானாலும் பெரும்பாலும் அறிவுரை, சமூக சேவை அல்லது நன்னடத்தைக் கண்காணிப்போடு விடுவார்கள்.

ராணுவ ஆசையை விட வேண்டாம். குழுமத்தின் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது (பிரிவு 24). நடத்தைச் சான்றுக்காக அந்தப் பதிவைப் போலீஸ் வெளியிடவும் கூடாது (பிரிவு 74). இந்தப் பாதுகாப்பு சிறாருக்கு மட்டும்தான். "ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால், வயது முடிவாகும்வரை மகன் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அடுத்த முறை பார்க்கும்போது அவனிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.