பழைய ஆம்பை பிளக்கில் செருகும் முன்

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் வசிக்கிறேன். ஐந்து வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் தெருவில், கல்யாண பேண்டுகளில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய ஃபெண்டர் பிரசிஷன் பேஸையும், அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பெக் பி-15என் ஆம்பையும் மகன் விற்கிறார். பேஸ் 1966 மாடல் என்கிறார். ஆம்ப் இருபது வருஷமாக பேஸ்மெண்டில் கிடக்கிறது, பிளக்கில் இரண்டு முனைதான் இருக்கிறது. போட்டுக் கேட்டுவிட்டு வாங்கலாமா? பழைய பாகங்களை மாற்றினால் மதிப்பு குறையுமா? பிற்பாடு சென்னைக்குக் கொண்டுபோக முடியுமா?

பதில்: அந்த ஆம்பை இப்போதைக்கு யாரும் பிளக்கில் செருக வேண்டாம். விற்பவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். "ஒரு நிமிஷம் போட்டுக் காட்டுகிறேன்" என்று ஆசையாக ஆரம்பித்துத்தான் பல நல்ல ஆம்ப்கள் வீணாகின்றன.

காரணம், உள்ளே மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள். சுருட்டிய அலுமினியத் தகடும் ஈரமான ரசாயனமும் சேர்ந்த டப்பாக்கள் அவை. தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அந்தப் படலம் திடமாக இருக்கும். பல வருஷம் சும்மா கிடந்தால் படலம் மெலிந்துவிடும், ஈரமும் காய்ந்துவிடும். அந்த நிலையில் திடீரென 400 வோல்ட்டுக்கு மேல் பாய்ந்தால் கண்டென்சர் சூடாகி, உப்பி, சில சமயம் வெடிக்கும். அது ஷார்ட் ஆனால் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். சில டாலர் கண்டென்சருக்காக, மறுபடி எளிதில் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரை இழப்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

போன வருஷம் இதே வகை ஆம்ப் ஒன்று என் மேசைக்கு வந்தது. சேஸிஸை, அதாவது பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தை, திருப்பிப் பார்த்தால், ஒரு கண்டென்சரின் அடிப்பக்கம் தொப்பை போட்டிருந்தது. ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொருக்கு. பக்கத்து ஒயரின் உறை தொட்டதும் தூளாக உதிர்ந்தது. வெளியே பார்த்தால் பெட்டி பளபளவென்று இருந்தது, முகப்பில் உரிமையாளர் பெயர் பொறித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகூட கீறலில்லாமல் இருந்தது. பழைய ஆம்பை வெளித்தோற்றம் பார்த்து எடை போடவே கூடாது.

இரண்டாவது ஆபத்து, நீங்கள் சொன்ன இரட்டை முனை பிளக். எர்த் இல்லாத அந்தக் காலத்து அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில், இரைச்சலைக் குறைக்க மெயின் லைனிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கண்டென்சர் போட்டிருப்பார்கள். மெக்கானிக்குகள் அதை மரணக் கண்டென்சர் என்றே சொல்வார்கள். அது ஷார்ட் ஆனால், பிளக் எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து சேஸிஸ் முழுவதும் 120 வோல்ட் ஏறிவிடும். உங்கள் பேஸின் கம்பிகள் கேபிள் வழியாக அந்த சேஸிஸோடுதான் இணைந்திருக்கின்றன. கம்பியில் கை, எர்த் ஆன மைக்கில் உதடு என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதல் வேலை: அந்தக் கண்டென்சரை எடுத்துவிட்டு, மூன்று முனை கார்டு போட்டு, எர்த்தை சேஸிஸோடு உறுதியாக இணைக்க வேண்டும்.

இதை நீங்களே செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். ட்யூப் (வால்வு) ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் கண்டென்சர்களைப் புதுப்பித்துவிட்டு, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் என்ற கருவியில் மெதுவாக வோல்டேஜை ஏற்றுவார், அல்லது சீரிஸ் பல்பு போட்டுச் சோதிப்பார். நம் ஊர் வால்வு ரேடியோ கடைகளில் பலகையில் ஒரு குண்டு பல்பைப் பொருத்தி வைத்திருப்பார்களே, அதேதான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சமாக எரிந்து ஆம்பைக் காப்பாற்றிவிடும். ஸ்பீக்கரை இணைக்காமல் மட்டும் ட்யூப் ஆம்பை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

சரி, மதிப்பு குறையுமா? ஃபில்டர் கண்டென்சர், கார்டு, ட்யூப் எல்லாம் காரின் டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே இருப்பவை. விவரம் தெரிந்தவர்கள் மாற்றியிருந்தால் சந்தோஷமே படுவார்கள். கழற்றியதையெல்லாம் ஒரு பையில் போட்டு ஆம்போடு வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்கள், ஸ்பீக்கர், பெட்டி மூன்றும் அசலாக இருந்தால் போதும். ஸ்பீக்கர் சட்டத்தில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள்: 220 என்று தொடங்கினால் ஜென்சன், 67 என்றால் எமினன்ஸ். விரல்களை விரித்து ஸ்பீக்கரின் நடுவில் கூம்பு வடிவில் இருக்கும் கோனை மெல்ல அமுக்குங்கள், உரசும் சத்தம் வரக் கூடாது.

பேஸ் விஷயத்தில் நேர் எதிர். அதில் எதையும் மாற்றாதீர்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த பேஸின் விலை அசலில் பாதிக்கு இறங்கிவிடும். 1966 என்பதை உறுதி செய்ய, பேஸின் முகப்பில் இருக்கும் பிக்கார்டு தகட்டைக் கழற்றி வால்யூம் கண்ட்ரோலின் முதுகைப் பாருங்கள். 1376632 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தின் எண், 66 வருஷம், 32 வாரம். ஆனால் இதை மட்டும் நம்பி 1966 விலை கொடுத்துவிடாதீர்கள். ஃபெண்டர் அந்த வருஷம் மொத்தமாக வாங்கிக் குவித்த கண்ட்ரோல்களை அறுபதுகளின் கடைசி வரை பயன்படுத்தியது. பேஸ் அந்த வாரத்துக்கு முந்தியதல்ல என்பதைத்தான் அந்த எண் சொல்லும். அதைவிட நல்ல சாட்சி நெக்கின் அடிப்பக்கத்தில் இருக்கும் தேதி முத்திரை. நான்கு திருகுகளைக் கழற்ற வேண்டும், விற்பவர் அனுமதியோடு கிட்டார் மெக்கானிக் ஒருவரை வைத்துச் செய்யுங்கள். நெக்கை நிமிர்த்தும் டிரஸ் ராடு திருகும் அங்கேதான் இருக்கிறது, அது இன்னும் சுற்றுகிறதா என்று அதே கையோடு பார்த்துவிடலாம். சாலிடர் வைத்த இடங்கள் மங்கலாக, யாரும் தொடாதவையாக இருந்தால் நல்ல அறிகுறி.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை ஆம்ப் இல்லாமலே சோதிக்கலாம். பேஸில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். சுமார் 10 கிலோஓம் காட்டினால் பிக்கப்பின் காயில் (கம்பிச் சுருள்) நன்றாக இருக்கிறது. 250 கிலோஓமை ஒட்டிக் காட்டினால் அந்தச் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது.

அப்புறம், பழைய கம்பிகளைத் தூக்கிப் போடாதீர்கள். தட்டையான இழை சுற்றிய, வழவழப்பான தட்டைச் சுற்று கம்பிகள் (ஃபிளாட்வூண்ட்) என்றால் அப்படியே விடுங்கள். மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரசிஷன் பேஸில் கனமான தட்டைச் சுற்று கம்பிகளைப் போட்டு, பிரிட்ஜ் மூடிக்குள் பஞ்சு வைத்து, அறுந்தாலொழிய மாற்றாமல் வாசித்தார். அந்தக் குறுகிய, உருண்டையான சத்தத்துக்கு பி-15 அவ்வளவு பொருத்தம். ஆம்பெக்கைத் தொடங்கிய எவரெட் ஹல் ஒரு டபுள் பேஸ் கலைஞர். டபுள் பேஸின் கால் குச்சியில் (ஆங்கிலத்தில் பெக்) பொருத்தும் பிக்கப்பிலிருந்துதான் ஆம்பெக் என்ற பெயரே வந்தது. சத்தம் கிழியாமல் சுத்தமாக வர வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். 1960இல் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த பி-15இல், மூடியைத் திறந்து திருப்பினால் ஆம்ப் பெட்டியின் தலைமேல் வந்து உட்காரும். வாசித்து முடித்ததும் ட்யூபோடு உள்ளே போய்விடும். அறுபதுகளின் நடுவில் ஆம்பெக் இருந்தது உங்கள் பக்கத்து லிண்டனில்தான். 25, 30 வாட்தான் வரும். டிரம்ஸோடு மேடையில் போட்டி போடாது. வீட்டிலும் ரெக்கார்டிங்கிலும் இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

சென்னைக்குக் கொண்டுபோவது பற்றி. அறுபதுகளின் நடுவில் ஃபெண்டர் பிரேசில் ஈட்டி மரத்திலிருந்து இந்திய ஈட்டிக்கு மாறியது, ஆகவே உங்கள் பேஸின் விரல்பலகை இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பிரேசில் ஈட்டி 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். விமான டிக்கெட் போடும் முன் மரம் எதுவென்று நிபுணரிடம் எழுதி வாங்குங்கள்.

ஆம்புக்கு 230 வோல்ட்டை 110 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும், 300 வாட்டுக்குக் குறையாமல், எர்த்தோடு வாங்குங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், சென்னையில் 50. அதனால் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். முதல் நாள் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு, அணைத்து, பிளக்கைக் கழற்றி, பக்கத்து ட்யூப்களில் படாமல் அந்த டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் மறுபடி போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.