கேன்வாஸிலிருந்து ரெசின் பூக்கள் கழன்று விழுவது பற்றி

க்ளூ கன்னால் ஒட்டிய ரெசின் (பிளாஸ்டிக் போல இறுகும் பிசின்) பூக்கள் இரண்டே நாளில் விழுகின்றன, மேலே பூசிய ஜெஸோவும் (வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) ஓரங்களில் விரிசல் விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விழுந்த பூ ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பசை முழுக்கக் கேன்வாஸிலேயே நிற்க, பூவின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறதா? அப்படியென்றால் பசை பூவைப் பிடிக்கவே இல்லை. 120 எண் உப்புத்தாளால் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். பளபளப்பு போய் வெளிறியதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

க்ளூ கன் இந்த வேலைக்குச் சரிப்படாது. ஹெவி ஜெல் மீடியத்தை (அக்ரிலிக் ஓவியத்துக்குப் பயன்படும் கெட்டியான களிம்பு, பசையாகவும் பிடிக்கும்) தாராளமாகத் தடவி, ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கும்வரை அழுத்துங்கள். பிதுங்கியதைத் துடைக்காதீர்கள், பிடிமானமே அதில்தான். ஒரு முழு நாள் படுக்கையாகவே கிடக்கட்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் மேல் மூலையில் ஒட்டிய பூ நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது!

விரிசலுக்குக் காரணம் வேறு. துணி அசைந்து கொடுக்கும், ரெசின் வளையாது; நடுவில் மாட்டிக்கொண்ட ஜெஸோ உடைகிறது. பின்பக்கம் சட்டத்துக்குள் தடித்த அட்டை ஒன்றை, துணியை ஒட்டி நிற்கும்படி வெட்டிப் பொருத்துங்கள். அப்புறம் ஜெஸோவை ஒரேயடியாக அப்பாமல், முதல் பூச்சு காய்ந்தபின் இரண்டாவதை மெல்லியதாகப் பூசுங்கள். இதைவிடக் கனமான பூக்கள் என்றால், கேன்வாஸை விட்டு மரப்பலகைக்கே போய்விடுவேன்.