தவறு தரவுத்தளத்தில் இல்லை

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவைக் கவனிக்கிறேன். மாம்பழ வரவு, எடை, விவசாயிகளுக்கான பட்டுவாடா அனைத்தும் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல் மொழியில் எழுதிய மென்பொருளில் பதிவாகின்றன. தரவு, ஆலைக் கணினி ஒன்றில் ஆக்சஸ் என்ற மைக்ரோசாஃப்ட் தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. அந்த மென்பொருளின் டிஎல்எல்லை (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) அழைக்கும் இணையப் பக்கம் ஒன்றைப் புதிதாகச் செய்து வாங்கினோம். பழைய மென்பொருள் நன்றாக ஓடுகிறது. பக்கமோ ‘தரவுத்தள இணைப்பு தோல்வி’ என்கிறது. செய்து கொடுத்தவர் புதிய சர்வரும் எஸ்க்யூஎல் சர்வர் என்ற பெரிய தரவுத்தள மென்பொருளின் உரிமமும் வாங்கச் சொல்கிறார். பக்கம் இப்போது ஓடும் சர்வரின் நிகழ்வுப் பதிவில் 80040154 என்ற எண் காணப்படுகிறது. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். 80040154 என்பதற்குப் பொருள், அழைக்கப்பட்ட டிஎல்எல்லின் பதிவையே விண்டோஸால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான். உங்கள் பக்கம் தரவுத்தளத்தின் வாசல்வரைகூடப் போகவில்லை. எந்தப் பிழை வந்தாலும் ‘தரவுத்தள இணைப்பு தோல்வி’ என்ற ஒரே வாசகத்தைக் காட்டும்படி எழுதிவைப்பது பக்கம் செய்பவர்களிடம் பரவலாக உள்ள கெட்ட பழக்கம். அந்த ஒரு வரியைக் காட்டியே சர்வர் விற்றுவிடுகிறார்கள் என்பதைப் பல இடங்களில் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன்.

முதலில் பழைய மென்பொருளை அந்தச் சர்வரிலேயே நிறுவி ஓட்டிப் பாருங்கள். அங்கும் ஓடாவிட்டால் டிஎல்எல் சர்வரில் பதிவாகவில்லை. நிர்வாகி உரிமையுடன் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓடினால், சிக்கல் 32-பிட் (பழைய வகை), 64-பிட் (புதிய வகை) நிரல்களின் வேறுபாட்டில் இருக்கிறது. விஷுவல் பேசிக் 6 ஆக்கும் டிஎல்எல் எப்போதும் 32-பிட்தான். ஆக்சஸ் கோப்பைத் திறக்கும் பழைய ஜெட் 4.0 வழங்கியும் 32-பிட்டில் மட்டுமே உண்டு. உங்கள் பக்கத்தை ஓட்டும் ஐஐஎஸ் (விண்டோஸின் இணையச் சர்வர் மென்பொருள்), இயல்பாக 64-பிட்டில் இயங்குவதால் இவ்விரண்டையும் தனக்குள் ஏற்றாது. ஐஐஎஸ்ஸில் அந்தப் பக்கத்துக்குரிய அப்ளிகேஷன் பூலின் (பக்கம் எந்தச் செயலாக்கத்தில், எந்தப் பயனர் பெயரில் ஓடும் என்பதை முடிவுசெய்யும் அமைப்பு, இனிப் பூல்) அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘எனேபிள் 32-பிட் அப்ளிகேஷன்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால் போதும். இதற்குக் காசு எதுவும் ஆகாது. 64-பிட் ஆக்சஸ் இன்ஜினை நிறுவித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள், 32-பிட் டிஎல்எல்லுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த எவரேனும் அந்த டிஎல்எல்லைக் கம்போனென்ட் சர்வீசஸில் (டிஎல்எல்களை நிர்வகிக்கும் விண்டோஸ் கருவி) ‘சர்வர் அப்ளிகேஷன்’ ஆகப் போட்டு வைத்திருந்தால், அது ஐஐஎஸ்ஸுக்கு வெளியே, தனக்கென ஒரு செயலாக்கத்தில், தனக்கென ஒரு பயனர் பெயரில் ஓடும். அப்போது பூலில் எதை மாற்றினாலும் டிஎல்எல்லின் உரிமைகளில் எந்த மாற்றமும் வராது. ‘ஐடென்டிட்டி’ தாளில் எந்தப் பயனர் இருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ‘இன்டராக்டிவ் யூசர்’ என்று இருந்தால், யாராவது சர்வரில் உள்நுழைந்திருக்கும்வரை பக்கம் ஓடும், அவர் வெளியேறியதும் நின்றுவிடும். பகலில் ஓடி இரவில் நிற்கும் பக்கங்களுக்குப் பலமுறை காரணம் இதுவே. அதற்கும் புதிய சர்வர் மருந்தாகாது.

டிஎல்எல் ஏறியபின் அடுத்த தடை வரக்கூடும், அப்போதுதான் அது உண்மையான இணைப்புச் சிக்கல். பழைய மென்பொருள் உங்கள் பெயரில் ஓடுகிறது, பக்கமோ பூலின் பெயரில் ஓடுகிறது. நீங்கள் உள்நுழைந்தபின் தெரியும் இசட் டிரைவ் போன்ற வலை இணைப்பு பூலுக்குத் தெரியாது. ஆகவே கோப்பின் இடத்தைக் கணினிப் பெயருடன் கூடிய முழு வலைப் பாதையாகக் கொடுக்க வேண்டும். டொமைன் (பயனர் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத ஆலைகளில், இரு கணினிகளிலும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொண்ட தனிப் பயனர் கணக்கை உருவாக்கி, அதையே பூலுக்குக் கொடுங்கள். ஆக்சஸ் தன் பூட்டுக் கோப்பை அதே கோப்புறையில் உருவாக்குவதால், அந்தக் கணக்குக்குக் கோப்பில் மட்டுமல்லாமல் கோப்புறையிலும், அதன் வலைப் பகிர்விலும் எழுதும் உரிமை வேண்டும். இந்த இடத்தில் ‘எவ்ரிஒன்’ (எல்லாப் பயனரும்) என்பவருக்கு முழு உரிமை கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று பில் நீட்டுபவர்களை அருள்கூர்ந்து நம்பாதீர்கள். வலையமைப்பில் ஒரு கணினிக்குள் கெட்ட நிரல் புகுந்தாலும் உங்கள் பட்டுவாடாக் கணக்கு முழுவதும் அதன் கைக்குப் போய்விடும்.

விஷுவல் பேசிக் 6 உருவாக்கக் கருவிக்கான ஆதரவு 2008இல் நின்றது உண்மையே. ஆனால் அதில் எழுதிய நிரல்களை ஓட்டும் நூலகத்தை மைக்ரோசாஃப்ட் விண்டோசில் இன்னும் ஆதரிக்கிறது. ஆகவே இந்தப் பருவத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றி எழுதியே ஆக வேண்டும் என்ற அவசரம் உங்களுடையதன்று, விற்பவருடையது.

ஆக்சஸ் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு முதல் மாற்றத்தை (டிஎல்எல் பதிவு அல்லது 32-பிட் அமைப்பு, எது உங்களுக்குப் பொருந்துகிறதோ அதை) மட்டும் செய்து, பூலை மறுதொடக்கம் செய்து, நிகழ்வுப் பதிவை மீண்டும் பாருங்கள். 80040154 மறைந்து வேறு வாசகம் வந்திருந்தால் அதை எழுத்து மாறாமல் எனக்கு அனுப்புங்கள்.